பகைத்தவரை மன்னிப்பது, நேசிப்பது எப்படி? படிப்படியாக ஒரு முழுமையான வழிகாட்டி

‘அவரை நான் எப்பவோ மன்னிச்சிட்டேன்’ என்று சொல்பவரிடம் அந்த ஆளின் பெயரைச் சொல்லிப் பாருங்கள், குரல் மாறும். எனக்கும் மாறியது. கூட வேலை பார்த்தவர், என்னோடு உட்கார்ந்து ஜெபித்தவர், ஜெபத்துக்காக நான் மனம் திறந்து சொன்ன ஒன்றை எடுத்து, அதோடு இல்லாததையும் சேர்த்து மேலிடத்தில் சொல்லி என் வேலை போகக் காரணமானவர். அதற்கப்புறம் மூன்று வருடம் நான் ஒரு ஞாயிறு தவறாமல் ஆராதனைக்குப் போனேன், பாடினேன், ஆனால் கர்த்தருடைய ஜெபத்தில் ‘எங்கள் கடனாளிகளுக்கு நாங்கள் மன்னிக்கிறதுபோல’ என்ற வரி வரும்போது வாய் மட்டும் சொல்லும், மனம் எங்கோ போய்விடும். மன்னிக்க வேண்டும் என்று எல்லோரும் சொன்னார்கள். அது எனக்கும் தெரியும். எப்படி என்று ஒருவரும் சொல்லித் தரவில்லை. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

ஆரம்பிக்கும் முன் ஒன்று. உங்களை ஒருவர் இப்போதும் அடிக்கிறார், மிரட்டுகிறார், உங்கள் பிள்ளைக்கு அவரால் ஆபத்து இருக்கிறது என்றால் இதை அப்படியே வைத்துவிட்டுப் பாதுகாப்பான இடத்துக்குப் போங்கள், நம்பகமான ஒருவரிடம் சொல்லுங்கள், காவல்துறையிடம் போக வேண்டுமானால் போங்கள். மன்னிப்பைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். வேதத்தில் தாவீது தன்னைக் கொல்லத் தேடிய சவுல் ராஜாவின் உயிரை விட்டுவைத்தது உண்மைதான், ஆனால் அதற்கு முன் அவனுடைய ஈட்டிக்குத் தப்பி ஓடியிருந்தான்.

எது மன்னிப்பு இல்லை

பலர் மன்னிக்க முடியாமல் தவிப்பதற்குக் காரணம், மன்னிப்பு என்று அவர்களிடம் கேட்கப்படுவது மன்னிப்பே இல்லை என்பதுதான். ‘நடந்தது பெரிய விஷயமில்லை’ என்று சொல்வது மன்னிப்பு இல்லை. பெரிய விஷயமில்லை என்றால் மன்னிக்க அங்கே ஒன்றுமே இல்லையே. மறப்பதும் மன்னிப்பு இல்லை. யோசேப்பு தன்னை அடிமையாக விற்ற அண்ணன்மாரிடம் ‘நீங்கள் எனக்குத் தீமைசெய்ய நினைத்தீர்கள்’ என்று அத்தனை வருடம் கழித்தும் நேராகவே சொன்னான் (ஆதியாகமம் 50:20), ஆனாலும் அவர்களையும் அவர்கள் பிள்ளைகளையும் கடைசிவரை பராமரித்தான்.

பழையபடி நம்பியே ஆக வேண்டும் என்பதும் இல்லை. 1 சாமுவேல் 24-ஐ எடுத்துப் பாருங்கள். எங்கேதியில் ஒரு குகை, சவுல் தனியாக உள்ளே வருகிறான், தாவீது அவனுடைய சால்வையின் தொங்கலை மட்டும் அறுத்துக்கொண்டு உயிரோடு விடுகிறான். வெளியே வந்தபின் சவுல் சத்தமிட்டு அழுகிறான், நீ என்னைவிட நீதிமான் என்கிறான், தாவீது அவனுக்கு ஆணையும் இட்டுக்கொடுக்கிறான். நாமாக இருந்தால் அந்த இடத்தில் கட்டிப்பிடித்து ஒன்றாக ஊர் திரும்பியிருப்போம். வேதம் சொல்வது வேறு: சவுல் தன் வீட்டுக்குப் போனான், தாவீது அரணான இடத்துக்கு ஏறிப்போனான். இரண்டு அதிகாரம் தள்ளிப் பாருங்கள், சவுல் மறுபடி படையோடு தேடி வருகிறான். தாவீது எடுத்த முடிவு சரிதான்.

தண்டனை வேண்டாம் என்பதும் மன்னிப்பின் நிபந்தனை இல்லை. 1981 மே 13 அன்று புனித பேதுரு சதுக்கத்தில் போப் இரண்டாம் ஜான் பாலைச் சுட்டார் மெஹ்மத் அலி ஆக்ஜா. நான்கு நாளில், மருத்துவமனையில் படுத்திருந்தபடியே, அவரை மன்னித்துவிட்டதாகப் போப் சொன்னார். 1983 டிசம்பர் 27 அன்று சிறைக்கே போய் அவரோடு உட்கார்ந்து பேசினார். ஆனால் ஆக்ஜா இத்தாலியச் சிறையிலிருந்து வெளியே வந்தது 2000-இல்தான். போப் மனதளவில் மன்னித்தார், வழக்கை நீதிமன்றம் பார்த்துக்கொண்டது. வழக்குப் போட்டவரைப் பார்த்து ‘நீ மன்னிக்கவில்லை’ என்று சொல்கிற சபையார் இதைக் கொஞ்சம் யோசிக்க வேண்டும்.

படி 1: கணக்கை எழுதுங்கள்

இந்தப் படியைத் தாண்டிக் குதித்ததால்தான் நான் மூன்று வருடம் அலைந்தேன் என்று நினைக்கிறேன், அதனால் இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். இயேசு மன்னிப்பைக் கடனாகப் பேசினார். கடனைத் தள்ளுபடி செய்ய வேண்டுமென்றால் எவ்வளவு என்று தெரிய வேண்டும். மத்தேயு 18-இல் ஓர் உவமை வருகிறது: ராஜா ஓர் ஊழியக்காரனின் பெருங்கடனை மன்னிக்கிறார், அவனோ தன்னிடம் கடன்பட்ட உடன் ஊழியக்காரனை விடவில்லை. அந்த உடன் ஊழியக்காரன் பட்ட கடன் நூறு வெள்ளிப்பணம். அதைச் சில்லறைக் காசு என்று பிரசங்கத்தில் கேட்டிருப்பீர்கள். ஆனால் ஒரு வெள்ளிப்பணம் என்பது அன்றைக்கு ஒருநாள் கூலி (மத்தேயு 20:2). நூறு நாள் உழைப்பு யாருக்கும் சில்லறை இல்லை. உங்களுக்கு நடந்ததைச் சின்னது என்று இயேசு சொல்லவில்லை, அதை முதலில் பிடித்துக்கொள்ளுங்கள்.

ஒரு நோட்டு எடுங்கள். அவர் என்ன செய்தார், அதனால் நீங்கள் எதை இழந்தீர்கள் என்று எழுதுங்கள். ‘என்னை அவமானப்படுத்தினார்’ என்று பொதுவாக எழுதாதீர்கள். எந்த நாள், யார் முன்னால், எந்த வார்த்தை என்று எழுதுங்கள். நான் எழுதிய ஒரு வரி: ‘வேலை போன அன்று வீட்டுக்குப் போய் எப்படிச் சொல்வது என்று தெரியாமல் இருட்டும் வரை பேருந்து நிறுத்தத்தில் உட்கார்ந்திருந்தேன், நான் ஏற வேண்டிய பேருந்து நான்கு முறை வந்துபோனது.’ அதை எழுதி முடித்தபோதுதான் தெரிந்தது, வேலை போனது எனக்குப் பெரிய வலியே இல்லை. வேறு வேலை கிடைத்துவிட்டது. ஜெபத்தில் சொன்னதை வெளியே கொண்டுபோனாரே, அதுதான் உள்ளே அறுத்துக்கொண்டிருந்தது. அதற்கப்புறம் யாரிடமும் மனம் திறந்து ஜெபக்குறிப்பு சொல்ல என்னால் முடியவில்லை. நான் மன்னிக்க வேண்டிய கடன் அது. அதுவரை தப்பான கணக்கைத் தள்ளுபடி செய்துகொண்டிருந்தேன்.

உங்கள் பங்குத் தவறு ஏதாவது இருந்தால் அதைத் தனிப் பக்கத்தில் எழுதுங்கள். இரண்டையும் ஒரே பக்கத்தில் எழுதினால் ஒன்றை வைத்து ஒன்றைக் கழிக்கத் தோன்றும். உங்கள் பங்கு எதுவுமே இல்லை என்றால் அந்தப் பக்கம் காலியாகவே இருக்கட்டும். சின்ன வயதில் கொடுமைக்கு ஆளானவர்கள் அந்தப் பக்கத்தை நிரப்பப் பார்ப்பதை நான் கண்டிருக்கிறேன், தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள்.

படி 2: கோபத்தை கர்த்தரிடம் கொண்டுபோங்கள்

சங்கீதம் 55 இதற்கென்றே எழுதியதுபோல இருக்கும். சத்துரு நிந்தித்தால் தாங்கிக்கொள்வேன், ஆனால் செய்தது நீ, என் தோழன், நாம் சேர்ந்து தேவாலயத்துக்குப் போனோமே என்று புலம்புகிற சங்கீதம் அது. வாய்விட்டு வாசியுங்கள். சங்கீதம் 109 இன்னும் கடுமையானது. அப்படி ஒரு ஜெபம் வேதத்தில் இருக்கிறதே என்று சிலர் சங்கடப்படுவார்கள், எனக்கு அது இருப்பது பெரிய ஆறுதல். கோபத்தைக் கர்த்தரிடம் கொட்டுகிறவன் அதைப் பகைவன் மேல் கொட்டவில்லை என்பதைக் கவனியுங்கள். பத்துப் பேரிடம் சொல்லித் திரிவதும் கூடாது. வாயைக் காக்கத் தெரிந்த ஒரே ஒருவரிடம் சொல்லுங்கள், போதும்.

படி 3: உங்கள் சொந்தக் கணக்கைப் பாருங்கள்

அதே உவமையில் ராஜாவிடம் அந்த ஊழியக்காரன் பட்ட கடன் பதினாயிரம் தாலந்து. ஒரு தாலந்து ஏறக்குறைய 6,000 வெள்ளிப்பணம். பெருக்கிப் பாருங்கள், ஆறு கோடி நாள் கூலி. வருடத்துக்கு 300 நாள் வேலை செய்தாலும் இரண்டு லட்சம் வருடம் ஆகும். இதைத்தான் அவன் ‘எல்லாவற்றையும் கொடுத்துத் தீர்க்கிறேன், பொறுத்துக்கொள்ளும்’ என்றான்! ராஜா தவணை கொடுக்கவில்லை, கடனையே மன்னித்துவிட்டார். ஆனால் அவன் வெளியே வந்தவுடன் நூறு வெள்ளிப்பணத்துக்காக ஒருவன் கழுத்தைப் பிடிக்கிறான். எனக்கு என்ன தோன்றுகிறதென்றால், தன் கடன் தீர்ந்துபோனது என்பதை அவன் நம்பவே இல்லை. இன்னும் கட்ட வேண்டும் என்று நினைக்கிறவன்தான் அப்படி வசூலுக்கு ஓடுவான்.

அதனால் இந்தப் படியில் ‘நான் எவ்வளவு பெரிய பாவி’ என்று உங்களை நீங்களே அடித்துக்கொள்ள வேண்டாம். நீங்கள் மன்னிக்கப்பட்ட ஒன்றை, பெயர் சொல்லக்கூடிய ஒன்றை நினைத்து, அதற்காக நன்றி சொல்லுங்கள். அவசரப்படாதீர்கள். சிலருக்கு இதில் வாரக்கணக்கில் ஆகும்.

படி 4: விடுங்கள், வரி வரியாக

புதிய ஏற்பாட்டின் கிரேக்க மூலத்தில் ‘மன்னி’ என்பதற்குப் பெரும்பாலும் வருகிற சொல் அஃபியேமி. விட்டுவிடுதல் என்று அர்த்தம். பேதுருவும் அந்திரேயாவும் வலைகளை விட்டு இயேசுவுக்குப் பின்சென்றார்கள் என்ற இடத்திலும் (மத்தேயு 4:20) அதே சொல்தான். இது தெரிந்த நாளில் எனக்கு ஏதோ லேசானது. வலை மேல் அவர்களுக்கு அந்த நேரத்தில் என்ன உணர்வு இருந்தது என்று வேதம் சொல்லவே இல்லை. கையிலிருந்து விட்டார்கள், அவ்வளவுதான். உணர்வு மாறும்வரை காத்திருக்க வேண்டாம்.

நோட்டைத் திறந்து ஒவ்வொரு வரியாக வாசித்து, சத்தமாகச் சொல்லுங்கள்: ‘கர்த்தாவே, இதை இவர் எனக்குச் செய்தார். இது தப்பு. இதற்கான பதிலை இனி இவரிடமிருந்து நான் வசூலிக்க மாட்டேன், உம்முடைய கையில் விடுகிறேன்.’ பழிவாங்குதல் எனக்குரியது என்று கர்த்தர் சொன்னதை ரோமர் 12:19 எடுத்துச் சொல்கிறது. வழக்கு ரத்தாகவில்லை, உங்கள் மேசையிலிருந்து அவருடைய மேசைக்குப் போகிறது. சொல்ல வராத வரி இருந்தால் அதை விட்டு அடுத்ததற்குப் போங்கள், நாளைக்குத் திரும்பி வரலாம். ஒரே நாளில் முடிந்தது என்று சொல்கிறவர்களைப் பார்த்து உங்களைக் குறைவாக நினைக்காதீர்கள்.

படி 5: அவர் பெயரைச் சொல்லி ஜெபியுங்கள்

உங்களைத் துன்பப்படுத்துகிறவர்களுக்காக ஜெபியுங்கள் என்று மத்தேயு 5:44-இல் இயேசு சொன்னது எல்லோருக்கும் மனப்பாடம். அதை நடைமுறையில் எப்படிச் செய்வது? உங்களுக்கு என்ன வேண்டுமோ அதையே அவருக்கும் கேளுங்கள். நல்ல தூக்கம் வேண்டுமா, அவருக்கும் கேளுங்கள். பிள்ளைகளுக்காக ஜெபிக்கிறீர்களா, அதே மூச்சில் அவர் பிள்ளைகளுக்காகவும். இப்படிச் செய்தால் ‘அவரைத் திருத்தும் ஆண்டவரே’ என்று மட்டும் ஜெபிக்கிற வழக்கத்திலிருந்து தப்பிக்கலாம். அது பெரும்பாலும் ஜெபம் இல்லை, புகார்.

நான் இதைக் காலையில் எழுதிச் செய்தேன். முதல் நாள் அவர் பெயரை எழுதக் கை வரவில்லை. முதல் எழுத்தை மட்டும் எழுதி ஒரு புள்ளி வைத்தேன், அதற்குப் பக்கத்தில் ‘ஆசீர்வதியும்’ என்று எழுதினேன், அதை எழுதும்போது பல்லைக் கடித்துக்கொண்டிருந்தேன் என்பதும் உண்மை. பத்துப் பன்னிரண்டு நாள் அப்படியே போனது, ஒரு மாற்றமும் இல்லை. மூன்றாவது வாரம் வாக்கில் ஒரு காலை, இவருக்கு எதைக் கண்டு பயம் இருந்திருக்கும் என்று ஒரு கேள்வி வந்தது. அந்த வருடம் ஆட்குறைப்பு நடந்துகொண்டிருந்தது, அவர் பெயரும் பட்டியலில் இருக்கலாம் என்று பேச்சு இருந்தது. பயந்துபோன ஒரு மனிதன் செய்த காரியம் அது. அதனால் அது சரியாகிவிடவில்லை. ஆனால் அதுவரை என் மனதில் அவர் ஒரு முகமூடி மாதிரி இருந்தார், அன்றைக்கு மனிதனாகத் தெரிந்தார்.

படி 6: கையால் ஒரு நன்மை

யாத்திராகமம் 23:4-5 எவ்வளவு எளிமையானது என்று பாருங்கள். உன்னைப் பகைக்கிறவனுடைய கழுதை சுமையோடு விழுந்து கிடந்தால் போய் உதவு, அவனுடைய மாடு வழிதப்பிப் போனால் திருப்பிக் கொண்டுபோய் விடு. அவனைப் பிடித்திருக்க வேண்டும் என்று அங்கே இல்லை. கழுதையைத் தூக்க வேண்டும், அவ்வளவுதான். அதைத் தூக்கும்போது இரண்டு பேரும் ஒரே கழுதைக்கு இரண்டு பக்கத்தில் நிற்க வேண்டியிருக்கும் என்பதையும் யோசித்துப் பாருங்கள்.

நல்ல சமாரியன் உவமையிலும் எனக்குப் பிடித்த ஒரு விஷயம் உண்டு. அடிபட்டுக் கிடந்த ஒருவனுக்கு, யூதர்கள் ஒதுக்கிய சமாரியரில் ஒருவன் உதவுகிற கதை அது, லூக்கா 10-இல் வருகிறது. அதற்கு முந்தின அதிகாரத்தில்தான் ஒரு சமாரியக் கிராமம் இயேசுவை ஏற்றுக்கொள்ள மறுத்தது, யாக்கோபும் யோவானும் வானத்திலிருந்து அக்கினியை இறக்கலாமா என்று கேட்டார்கள். அதற்குப் பிறகு கதை சொல்லும்போது அந்தச் சமாரியரில் ஒருவனையே இயேசு நல்லவனாக நிறுத்துகிறார். தன்னைத் துரத்தியவர்களைப் பற்றி நல்லது பேசுவதும் ஒரு நன்மைதான். அந்தச் சமாரியனையும் பாருங்கள், காயம் கட்டினான், இரண்டு வெள்ளிப்பணம் கொடுத்தான், மறுநாள் தன் வழியே போனான். அன்பு காட்டுவதற்கு அவர் வாழ்க்கைக்குள்ளேயே போய்க் குடியிருக்க வேண்டியதில்லை.

2006 அக்டோபர் 2 அன்று அமெரிக்காவின் பென்சில்வேனியாவில் நிக்கல் மைன்ஸ் என்ற இடத்தில் ஆமிஷ் கிறிஸ்தவர்களின் சின்னப் பள்ளிக்கூடத்தில் ஒருவன் புகுந்து சுட்டான். ஐந்து சிறுமிகள் செத்துப்போனார்கள், அவனும் தன்னைச் சுட்டுக்கொண்டான். அந்த மக்கள் அவனுடைய மனைவியையும் பெற்றோரையும் தேடிப்போய் ஆறுதல் சொன்னார்கள், அவனுடைய அடக்கத்துக்கும் வந்து நின்றார்கள். பிள்ளைகளைப் புதைத்த கை இன்னும் காயாத நேரத்தில். அவர்களுக்கு வலி இல்லை என்று யாரும் சொல்ல முடியாது.

நம்முடையது பெரும்பாலும் இதைவிடச் சின்னது. அவர் செய்த நல்ல வேலையை அவருடையது என்று சொல்லுங்கள். அவருக்குத் தெரிய வேண்டிய தகவலை மறைக்காதீர்கள். எனக்கு ஒருநாள் வேறு நிறுவனத்திலிருந்து போன் வந்தது, அவரைப் பற்றி விசாரித்தார்கள். வேலையில் கெட்டிக்காரரா என்று கேட்டார்கள். ஆமாம், அதில் சந்தேகமே இல்லை என்றேன். அது உண்மை. நம்பகமானவரா என்று கேட்டிருந்தால் பொய் சொல்லியிருக்க மாட்டேன், அவர்கள் கேட்கவில்லை, நானாகச் சொல்லவும் இல்லை. போனை வைத்தபின் கை நடுங்கியது. செய்ததை அவரிடம் சொல்லிக்காட்டாதீர்கள், யாரிடமும் சாட்சியாகவும் சொல்லாதீர்கள். பெயரை மறைத்து இதை எழுதவே நான் பல வருடம் காத்திருந்தேன்.

படி 7: நேரில் பேசுவது

எல்லோருக்கும் இது பொருந்தாது. கொடுமை செய்தவரைத் தனியாகப் போய்ப் பார்க்க வேண்டிய கட்டாயம் யாருக்கும் கிடையாது. பாதுகாப்பு இருக்கிறது, பேச வாய்ப்பு இருக்கிறது என்றால் மத்தேயு 18:15 சொல்வதுபோலத் தனியாகப் பேசுங்கள், கூட்டத்தின் முன் வேண்டாம். அவர் கேட்காதபோது ‘உன்னை மன்னித்துவிட்டேன்’ என்று போய்ச் சொல்லாதீர்கள், அது குற்றச்சாட்டாகத்தான் அவர் காதில் விழும். ‘அன்றைக்கு நீங்கள் இதைச் சொன்னது எனக்கு வலித்தது, அதைப் பற்றி உங்களிடம் பேச வேண்டும்’ என்று ஆரம்பியுங்கள், அப்புறம் அவர் சொல்வதையும் முழுசாகக் கேளுங்கள்.

ஜெபிக்க நிற்கும்போதே மன்னியுங்கள் என்கிறது மாற்கு 11:25. அங்கே எதிராளி இல்லை, நீங்களும் கர்த்தரும்தான். அவன் மனந்திரும்பினால் மன்னி என்கிறது லூக்கா 17:3. அது முகத்துக்கு முகம். முதலாவது உங்கள் ஒருவரால் முடியும். இரண்டாவதற்கு இரண்டு பேர் வேண்டும். யோசேப்பும் அண்ணன்மாரைக் கண்ட உடனே தன்னை வெளிப்படுத்தவில்லை. தம்பி பென்யமீனுக்குப் பதிலாக நான் அடிமையாக இருக்கிறேன் என்று அண்ணன்மாரில் ஒருவனான யூதா முன்வந்தபிறகுதான் (ஆதியாகமம் 44:33) அழுதுகொண்டே தான் யார் என்று சொன்னான். ஒரு காலத்தில் தன்னை விற்றவர்கள் மாறியிருக்கிறார்களா என்று அவன் பார்க்க வேண்டியிருந்தது. எல்லோரோடும் சமாதானமாக இருங்கள் என்று சொல்லும்போது ‘கூடுமானால் உங்களாலானமட்டும்’ என்று ரோமர் 12:18-இல் பவுல் போட்ட இரண்டு வார்த்தைகள் எத்தனையோ பேருடைய குற்ற உணர்வை இறக்கி வைக்கும்.

மறுபடியும் கோபம் வந்தால்

வரும். ஏழுதரம் மன்னித்தால் போதுமா என்று பேதுரு கேட்டதற்கு இயேசு ஏழெழுபதுதரம் என்றார். ஆதியாகமம் 4:24-இல் லாமேக்கு என்பவன் தனக்காக எழுபத்தேழு பழி என்று பெருமையடித்தான். அந்தக் கணக்கைத்தான் இயேசு தலைகீழாகப் புரட்டுகிறார் என்று நினைக்கிறேன். அந்த எண்ணிக்கை உங்களைப் பகைத்தவர் திரும்பத் திரும்பச் செய்யும் தப்புகளுக்கு மட்டும் இல்லை, ஒரே தப்பு உங்கள் நினைவில் திரும்பத் திரும்ப வருவதற்கும் உதவும். வரும்போது ‘அப்போ நான் மன்னிக்கவே இல்லையோ’ என்று பதறாமல் நோட்டில் அந்த வரிக்குப் போய், விட்ட கணக்கு இது என்று சொல்லி மறுபடி விடுங்கள். அந்த ஆள் இறந்துபோயிருந்தாலும் இதே வழிதான். பேச நினைத்ததை ஒரு கடிதமாக எழுதிக் கர்த்தருக்கு முன் வாசித்துவிடலாம். பாரம் தாங்க முடியாமல் போனால், தூக்கம் கெட்டால், மனநல ஆலோசகரிடம் போவதில் விசுவாசக் குறைவு எதுவும் இல்லை.

போன வருடம் ஒரு அடக்க ஆராதனையில் அவரைப் பார்த்தேன். வாசலில் நேருக்கு நேர். அவர்தான் முதலில் கை நீட்டினார், பாதி நீட்டிவிட்டுத் திரும்ப இழுத்துக்கொள்ளலாமா என்பதுபோல அந்தக் கை அந்தரத்தில் நின்றது. நான் பிடித்தேன். அம்மா எப்படி இருக்காங்க என்று கேட்டேன், கண் சரியாகத் தெரிவதில்லை என்றார். வேறு ஒன்றும் பேசவில்லை. அன்றைக்கு நடந்ததைப் பற்றி அவர் இதுவரை ஒரு வார்த்தை சொன்னதில்லை. காலையில் நோட்டில் அவர் பெயரை இன்னும் எழுதுகிறேன், இப்போது முழுப் பெயராக, அதற்குக் கீழே அவருடைய அம்மாவின் கண்ணுக்காக ஒரு வரி.